மண்ணும் மனையும் – 17: தவணை நோட்டும் மனைக்கல்லும்

சென்ற வாரம் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். அரசாங்கம் நிலமெடுப்புச் சட்டத்தின் 4(1) நோட்டீஸ் கொடுத்து எடுத்துக்கொண்ட நிலம் அது. ஆயிரக்கணக்கான ஏக்கர் போயிற்று. நிலக்கரி ஒரு கூடைகூட வெளியே வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் தலைமுறை தாண்டி நடந்தன. அதே 1990-களில், அங்கிருந்து மேற்கே பெரம்பலூரில் நிலம் வேறொரு வழியில் கைமாறத் தொடங்கியது. அங்கே நோட்டீஸ் கிடையாது, தாசில்தார் கிடையாது. டீக்கடை பெஞ்சில் ஒரு தரகர், கையில் கொஞ்சம் அட்வான்ஸ், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஓர் அக்ரிமெண்ட். அவ்வளவுதான்.

அந்த வழியில் நடந்து மிகப் பெரிய உயரத்துக்குப் போய், நாற்பது வயதை எட்டும் முன்பே இறந்துபோனவர் சாதிக் பாட்சா. 2011-ல் இந்தியா முழுக்க அவர் பெயர் அடிபட்டது. தில்லிப் பத்திரிகைகளுக்கு அவர் அலைக்கற்றை விவகாரத்தில் வந்துபோன ஒரு பெயர். நமக்கு அப்படியில்லை. அவரை உருவாக்கியது தில்லி அல்ல, பெரம்பலூர். அந்த ஊரின் மண் எப்படி மனையாயிற்று என்று தெரியாமல் அவருடைய கதையைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் முதலில் மண்ணைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

பெரம்பலூர் மானாவாரி பூமி. காவிரி ஒரு மணி நேரத் தூரத்தில் ஓடினாலும் அதன் தண்ணீர் இந்த மேட்டுக்கு ஏறுவதில்லை. கரிசல் காட்டில் பருத்தியும், பிறகு மக்காச்சோளமும். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். கிணறு தோண்டியவர்களில் பாதிப் பேர் கடனாளி. ரயில் இல்லை; மாவட்டத் தலைநகராகிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பஸ் நின்று போகும் ஓர் ஊர், அந்த அளவில்தான் வெளியூர்க்காரர்கள் அதை அறிந்திருந்தார்கள்.

1995-ல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. கரூர் ஒன்று, பெரம்பலூர் ஒன்று. அன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக்குள் அரியலூரும் இருந்தது. ஒரு ஊர் மாவட்டத் தலைநகரானால் அங்கே என்ன வரும்? கலெக்டர் அலுவலகம், எஸ்.பி. அலுவலகம், கோர்ட்டு, கருவூலம், மாவட்ட ஆஸ்பத்திரி. இவற்றோடு சில ஆயிரம் குடும்பங்கள் வரும். மாற்றலாகி வந்த குமாஸ்தா, ஆசிரியை, நர்ஸ், போலீஸ்காரர் எல்லோருக்கும் வீடு வேண்டும். வாடகைக்கு வீடே இல்லாத ஊரில் அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் 'ஒரு மனை வாங்கிப் போட்டுவிடலாம்' என்று நினைக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு பக்கம் வெளிநாட்டுப் பணம். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் மாதாமாதம் அனுப்பிய பணம் வீட்டில் சேர்ந்துகொண்டிருந்தது. பேங்கில் போடுவதைவிட மண்ணில் போடுவதைத்தான் நம் ஜனங்கள் நம்புவார்கள். வாங்க ஆள் தயார். விற்கவும் ஆள் தயார்: மூன்று வருஷம் மழை பொய்த்து, மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் சம்சாரி. இந்த இருவரையும் சேர்த்துவைக்க நடுவில் ஒருவர் வேண்டும்.

அரியலூரின் கதை இதைவிடக் கஷ்டம். 2001 ஜனவரி 1-ல் தனி மாவட்டம் என்றார்கள். 2002 மார்ச் 31-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் திரும்பத் தனி மாவட்டம் ஆனது. ஆட்சி மாறும்போதெல்லாம் மாவட்ட எல்லை மாறிய ஊர் அது. கலெக்டர் ஆபீஸ் வரும் என்று நம்பி அதன் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கியவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது பாட்சாவுக்கு வருவோம். அவர் கரூர்ப் பக்கத்துக்காரர். பெரம்பலூருக்கு வந்தபோது அவர் செய்தது துணி வியாபாரம். கடை வைத்து அல்ல. வீடு வீடாகப் போய், தவணைக்கு. கரூர் வட்டாரத்திலிருந்து இப்படிக் கிளம்பி ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள் ஏராளம். சேலையையும் போர்வையையும் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் நாள் சரக்கை வீட்டில் கொடுத்துவிட்டு, வாரம் பத்தோ இருபதோ வசூலிப்பார்கள். கையில் ஒரு நீளமான நோட்டு. அதில் பெயர், தெரு, பாக்கி.

அந்த நோட்டை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அவரைப் பற்றி எழுதிய பலரும் 'சேலை விற்றவர் கோடீஸ்வரர் ஆனார்' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஏதோ ஒரு வேலையை விட்டுவிட்டுச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வேலைக்குத் தாவியது போல. உண்மையில் இரண்டும் ஒரே வேலை. தவணைக்காரருக்கு ஒரு தெருவில் எந்த வீட்டில் சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது, எந்த வீட்டில் பையன் துபாயில் இருக்கிறான், எந்த வீட்டு அம்மா கணவருக்குத் தெரியாமல் சீட்டு கட்டுகிறார், யார் சொன்ன நாளில் கொடுப்பார், யார் கதவைச் சாத்திக்கொள்வார் என்பதெல்லாம் மனப்பாடம். பெரம்பலூரில் யாருக்கு மனை வாங்கும் சக்தி இருக்கிறது என்ற கணக்கெடுப்பை அந்த நாளில் எந்தப் பேங்கும் செய்திருக்கவில்லை. தவணை நோட்டு அதைச் செய்திருந்தது.

தவணையில் மனை விற்கும் தொழில் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது பாட்சா ஒருவருடைய கண்டுபிடிப்பல்ல. தமிழ்நாட்டின் சிறு நகரங்கள் எல்லாவற்றிலும் 1980-களிலிருந்து இப்படித்தான் நடந்தது.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்துக்கும் நாற்பது சதவீதம் விட்டால் 26,000 சதுர அடி சொச்சம் மிஞ்சும். 2,400 சதுர அடியை ஒரு கிரவுண்டு என்று வைத்தால் ஏறக்குறைய 11 மனை. ஏக்கர் கணக்கில் வாங்கிச் சதுர அடிக் கணக்கில் விற்க வேண்டும். இதுதான் தொழிலின் மொத்த ரகசியமும். சம்சாரிக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்க வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு அட்வான்ஸ், ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ அக்ரிமெண்ட், அதோடு 'பவர்' என்று சொல்லப்படும் பொது அதிகாரப் பத்திரம். பவர் கைக்கு வந்துவிட்டால் புரமோட்டரே சம்சாரியின் சார்பில் கையெழுத்துப் போட்டு மனைகளை விற்கலாம். இடையில் புரமோட்டர் பெயருக்குக் கிரையமே நடக்காது. கிரையம் நடக்காததால் அந்த முத்திரைக் கட்டணமும் மிச்சம். முதல் நாலு மனை விற்ற பணத்தில் சம்சாரியின் பாக்கி தீரும். அடுத்த நாலு மனையில் செலவு தீரும். கடைசி மூன்று மனை லாபம்.

பிறகு பொக்லைன் வந்து வரப்புகளைத் தட்டும். மஞ்சள் பூசிய கல் நடுவார்கள். கலர்க் கொடி கட்டி, ஷாமியானா போட்டு, ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களைக் கூட்டிவருவார்கள். மதியச் சாப்பாடும் உண்டு. கலெக்டர் அலுவலகம் கூப்பிடு தூரம் என்பார்கள். நோட்டீசில் ஒரு நகரின் பெயர் இருக்கும். காட்டில் அந்த நகருக்குக் குழாயோ விளக்கோ இருக்காது. அப்ரூவல் என்று கேட்டால் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைக் காட்டுவார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, அதாவது டிடிசிபி அப்ரூவல், வேறு. பஞ்சாயத்து முத்திரை வேறு என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வாங்கினார்கள், ஏனென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் தடையில்லாமல் பதிவாயிற்று. அரசாங்கமே முத்திரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவுசெய்த பின் அது சட்டவிரோத மனை என்று எந்தக் குமாஸ்தா சந்தேகப்படுவார்?

இந்தத் தொழிலில்தான் பாட்சா பெரம்பலூரில் கால் ஊன்றினார். சின்னச் சின்ன மனைப்பிரிவுகள்தான். அதே ஊரில் அப்போது ஒரு வழக்கறிஞர் அரசியலில் ஏறிக்கொண்டிருந்தார். பெரம்பலூரை அடுத்த வேலூர்க் கிராமத்தில் 1963-ல் பிறந்த ஆ.ராசா. 1996-ல் தி.மு.க. அவரைப் பெரம்பலூர்த் தனித்தொகுதியில் நிறுத்தியது, வென்றார். 1998-ல் தோற்று, 1999-ல் மறுபடி வென்று வாஜ்பாய் அமைச்சரவையில் இணையமைச்சரானார். 2004-ல் மூன்றாம் முறை வென்றபோது மன்மோகன் சிங் அரசில் சுற்றுச்சூழல், வனத்துறைக்கான கேபினட் அமைச்சர். இருவருக்கும் நட்பு பெரம்பலூரில் ஏற்பட்டது. சின்ன ஊரில் நிலத் தொழில் செய்பவருக்கும் வழக்கறிஞருக்கும் பழக்கம் ஏற்படுவது சகஜம்தான்.

2004-ல் பாட்சா கிரீன்ஹவுஸ் புரமோட்டர்ஸ் பிரைவேட் லிமிடெட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதே ஆண்டில் நண்பர் கேபினட் அமைச்சர். இந்தப் பொருத்தத்தை யாரும் கவனிக்காமல் விட முடியாது; இதை மட்டும் வைத்துக்கொண்டு குற்றம் என்று தீர்ப்பெழுதவும் முடியாது. ராசாவின் குடும்பத்தார் சிலர் கிரீன்ஹவுசில் இயக்குநர்களாக இருந்தார்கள் என்ற செய்தி பின்னால் வெளிவந்து பெரிய விவாதமாயிற்று. கம்பெனி சென்னைக்குப் போனது, பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. தவணைக்குச் சேலை கொடுத்தவரின் வீடு இப்போது சென்னை தேனாம்பேட்டையில்.

அந்தக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய் மூலதனத்தில் தொடங்கியது என்பதைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. ஒரு லட்சம் எப்படிச் சில ஆண்டுகளில் பல நூறு கோடி வியாபாரமாயிற்று என்பது அவர்கள் கேள்வி. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைய கம்பெனிச் சட்டப்படி எந்தப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியும் குறைந்தபட்சம் ஒரு லட்சம் ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும். 2000-ல் வந்த திருத்தம் அது, 2015-ல்தான் நீக்கப்பட்டது. ஆகவே ஆடிட்டரிடம் போய்க் கம்பெனி பதிந்த யாரும் ஒரு லட்சத்தில்தான் தொடங்கியிருப்பார்கள். அட்வான்சிலும் பவரிலும் ஓடும் தொழிலுக்கு மூலதனம் பெரிதாகத் தேவையும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த நிலத்தை, எந்த நேரத்தில், எதைத் தெரிந்துகொண்டு வாங்கினார்கள்? சாலை எங்கே வரும், தொழிற்சாலை எங்கே வரும், அரசு அலுவலகம் எங்கே நகரும் என்ற செய்திதான் நிலத் தொழிலின் நிஜமான மூலதனம். அது ஒருவருக்கு முன்கூட்டித் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போனால், சம்சாரி தன் காட்டை அதன் விலை தெரியாமலே விற்றுவிடுகிறான். எந்தப் புரமோட்டரைப் பற்றியும், எந்தக் கட்சி ஆட்சியிலும், நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அந்தக் காலத்தில் பெரம்பலூரில் இந்தச் செய்திக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று சொல்கிறேன். 2000-களின் பின்பாதியில் நெடுஞ்சாலை நான்குவழியாக விரிந்தது. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர்த் தொழிற்சாலை வந்தது. டிட்கோவும் ஜி.வி.கே. நிறுவனமும் சேர்ந்து திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைப்பதாகச் சொல்லி ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் விவசாயிகளிடமிருந்து வாங்கப்பட்டது. வேலை வரும் என்று நம்பிக் கொடுத்த அந்த நிலத்தில் சொன்னபடி தொழிற்சாலைகள் வரவில்லை. ஆண்டுகள் ஓடின, திருப்பிக் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுப் போராடினார்கள். அந்தத் திட்டத்துக்கும் பாட்சாவுக்கும் முடிச்சுப் போட எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் மாவட்டம் முழுவதும் எந்தக் காட்டையும் விளைச்சலை வைத்து யாரும் மதிப்பிடவில்லை என்பதற்கு அது சாட்சி. காட்டில் என்ன விளையும் என்பது போய், காட்டுக்குப் பக்கத்தில் என்ன வரும் என்பதே பேச்சாயிற்று.

2007 மே மாதம் ராசா தொலைத்தொடர்பு அமைச்சரானார். 2008 ஜனவரி 10-ல் 122 அலைக்கற்றை உரிமங்களுக்கான அறிவிப்பு. அந்த விவரங்களை வாசகர்கள் அறிவார்கள், நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். தொகுதி மறுவரையறையில் பெரம்பலூர் பொதுத் தொகுதியாகிவிட்டதால் 2009-ல் அவர் நீலகிரிக்குப் போய் வென்றார். 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த உரிமங்களால் அரசுக்கு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை உத்தேச இழப்பு என்றது. நவம்பர் 14-ல் ராசா பதவி விலகினார். டிசம்பரில் சிபிஐ சோதனைகள். தில்லி, சென்னை, பெரம்பலூர். பாட்சாவின் இடங்களும் சோதனைக்கு உள்ளாயின. அவரைப் பலமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். 2011 பிப்ரவரி 2-ல் ராசா கைதானார்.

மார்ச் 16 அன்று பாட்சா தேனாம்பேட்டை வீட்டில் இறந்துகிடந்தார். தற்கொலை என்றது போலீஸ். கடிதம் ஒன்றும் கிடைத்ததாகச் சொன்னார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரம். மேடைக்கு மேடை அந்த மரணம் பேசப்பட்டது, ஒவ்வொரு கட்சியும் தனக்கு வேண்டிய சந்தேகத்தை அதில் ஏற்றியது. விசாரணை சிபிஐ கைக்குப் போயிற்று. ஒரு மனிதர் செத்த வீட்டில் மனைவி மக்கள் அழுதுகொண்டிருக்கும்போது, வெளியே காமிராக்கள் நின்ற நிற்பை இன்று நினைத்தாலும் மனசு கசக்கிறது. அவரைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும் அந்த வீட்டுக்கு அந்த வாரம் தரப்பட்டிருக்க வேண்டிய மரியாதை தரப்படவில்லை.

அவர் இறந்த பதினேழாம் நாள், ஏப்ரல் 2-ல், அலைக்கற்றை வழக்கின் முதல் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. குற்றம்சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் பாட்சாவின் பெயர் இல்லை. இதை அடிக்கோடிட வேண்டும். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. அவர் கூண்டில் ஏறிப் பேசுவதற்கும் வாய்ப்பு வந்ததில்லை. 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்துசெய்தது. 2017 டிசம்பர் 21-ல் சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஓ.பி.சைனி, ராசா உட்பட எல்லோரையும் விடுதலை செய்தார். சிபிஐயின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஒரு பக்கம் உரிமங்கள் தப்பு என்ற தீர்ப்பு, இன்னொரு பக்கம் குற்றம் நிரூபணமாகவில்லை என்ற தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில், பதில் சொல்லக்கூடிய இடத்தில் இருந்த ஒருவர் சொல்லாமலே போய்விட்டார். பணம் எங்கிருந்து வந்தது, நிலம் யாருக்காக வாங்கப்பட்டது என்ற கேள்விகளுக்கு அவர் வாயால் வந்திருக்கக்கூடிய விடை, அது யாருக்குச் சாதகமாக இருந்திருந்தாலும், வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை.

மனைகளின் கதை மட்டும் நிற்கவில்லை. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று தடை போட்டது. விளைநிலங்கள் கட்டுப்பாடில்லாமல் மனையாவதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கு அது. தமிழ்நாடு முழுக்கப் பத்திரப் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. அப்போதுதான் பல ஆயிரம் குடும்பங்களுக்குத் தங்கள் கையிலிருப்பது பஞ்சாயத்து முத்திரை மட்டும் போட்ட மனை என்று தெரிந்தது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று பத்து வருஷம் தவணை கட்டிய மனையை விற்க முடியாது. கடன் வாங்கி வீடு கட்டவும் முடியாது, பேங்க் கேட்டது டிடிசிபி எண்ணை.

2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம். கட்டணத்தைக் கட்டியது யார்? மனை வைத்திருந்தவர்கள். சாலை விடாமல், பூங்காவுக்கு இடம் விடாமல் பிரித்து விற்ற புரமோட்டர்களில் பலர் அதற்குள் வேறு தொழிலுக்குப் போயிருந்தார்கள். முத்திரை போட்ட பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்திருந்தது. பதிவுசெய்து கட்டணம் வாங்கிய அரசாங்கம் இப்போது முறைப்படுத்த இன்னொரு கட்டணம் வாங்கியது. அதே 2017-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் செயலுக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பதிவு கட்டாயம். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒரு காட்டில் வசூலான பணத்தை அடுத்த காட்டுக்கு அட்வான்சாகத் தூக்கிப் போடும் பழைய வழிக்கு அங்கேதான் முதன்முதலாகத் தடை விழுந்தது. பாட்சா தொழில் தொடங்கிய நாளில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் பெரம்பலூரின் நிலச் சந்தை வேறு மாதிரி வளர்ந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஒருவேளை அவர் வாழ்க்கையும்.

இந்தக் காலம் முழுவதும் அரியலூரில் நிலத்தை வாங்கியவர்கள் மனை போடுவதற்காக வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது நிலத்துக்கு அடியில் இருந்த சுண்ணாம்புக்கல். அடுத்த வாரம் சிமெண்ட் ஆலைகளின் சுரங்கங்களுக்குப் போவோம், ஆனந்தவாடியில் தொடங்கலாம்.

(தொடரும்)